நுரை வரலன்னு மூணாவது ஷாம்பு பாக்கெட்டை கிழிக்கறதுக்கு முன்னாடி

தீபாவளி அன்னிக்கு விடிகாலை நாலரை மணி. பாத்ரூம் உள்ளேர்ந்து எங்க அண்ணன் பொண்ணு கத்தறா, "அத்தை, நுரையே வர மாட்டேங்குது, இன்னொரு பாக்கெட் குடுங்க". ஏற்கனவே ரெண்டு பாக்கெட் காலி. எங்கம்மா, அதாவது அவ பாட்டி, பேத்தி தலைல ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெயை வெச்சு உச்சி குளிர தேய்ச்சு விட்டிருக்காங்க, அது வழிஞ்சு காது மடல் வரைக்கும் வந்து நிக்குது. கதவு இடுக்கு வழியா மூணாவதையும் நீட்டினேன், அதுவும் போச்சு. வெளிய வந்து தலைய காய வெச்சு பாத்தா நெத்திப் பக்கம் முடி வைக்கோல் மாதிரி வறண்டு நிக்குது, பின்னங்கழுத்துக்கு மேல இன்னும் பிசுபிசுன்னு எண்ணெய். மூணு பாக்கெட்டும் முன் மண்டையிலயே செலவாயிடுச்சு, பின்னாடி போய் சேரவே இல்ல.

நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சேன், இப்ப பாக்கற வேலைக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது, ஆனா ஷாம்பு விஷயத்துல வாய மூடிட்டு இருக்க முடியல. அன்னிக்கு அவளுக்கு இட்லி சாப்பிடும்போது சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன். தலைக்கு குளிக்கறதுக்கு ஒரு வழிமுறைன்னு வெச்சுக்கோங்க, நடுவுல ஏன் எதுக்குங்கறதும் வரும், அது புரிஞ்சா முறைய மனப்பாடம் பண்ணவே தேவையில்ல.

முதல்ல ஒரு விஷயம். அழுக்கை எடுக்கறது நுரை கிடையாது. நுரைங்கறது ஒரு மீட்டர் மாதிரி, ஸ்கூட்டர்ல பெட்ரோல் முள் இருக்கில்ல, அந்த மாதிரி. உங்க தலைல எண்ணெய் பிடிக்கற வேலைக்கு போக இன்னும் எவ்ளோ ஷாம்பு சும்மா இருக்குன்னு அது காட்டும், அவ்ளோதான். முள்ளு தான் வண்டிய ஓட்டுதுன்னு நினைச்சுக்கிட்டு நாம பாக்கெட் பாக்கெட்டா கிழிக்கறோம்.

உள்ள என்ன நடக்குதுன்னா

ஷாம்பு பாட்டில்ல முக்கால்வாசி வெறும் தண்ணி. அதுல நூத்துக்கு பத்து பதினைஞ்சு பங்கு தான் உண்மையான வேலைக்காரங்க, சர்ஃபாக்டன்ட்னு பேரு. ஒவ்வொரு சர்ஃபாக்டன்ட் மூலக்கூறும் பாக்க தலைப்பிரட்டை மாதிரி, ஒரு தலை, ஒரு நீள வால். தலைக்கு தண்ணி பிடிக்கும், வாலுக்கு தண்ணியே ஆகாது, எண்ணெய் தான் பிடிக்கும். இப்படி ஒரே உடம்புல ரெண்டு குணம் இருக்கறதுனால அதை தண்ணில விட்டா முதல்ல மேல்பரப்புக்கு ஓடி, தலைய தண்ணிக்குள்ள வெச்சு வாலை காத்துல நீட்டிக்கிட்டு வரிசையா நிக்கும். மேல இடம் நிறைஞ்சு போச்சுன்னா மிச்சம் இருக்கறதெல்லாம் உள்ளயே கூட்டம் கூடும், திடீர் மழைக்கு நாலு பேரு ஒரு குடைக்குள்ள ஒண்டுவாங்கல்ல, அந்த மாதிரி வாலை எல்லாம் நடுவுல ஒளிச்சு வெச்சு தலைய வெளிப்பக்கம் காட்டிக்கிட்டு ஒரு உருண்டை. இந்த உருண்டைக்கு பேரு மைசெல். இந்த மைசெல் தான் ஹீரோ, உங்க தலைல இருக்கற எண்ணெய், அந்த எண்ணெய்ல ஒட்டிக்கிட்டு இருக்கற ரோட்டு புழுதி, செத்த தோல் எல்லாத்தையும் வாலால கவ்வி தன் வயித்துக்குள்ள போட்டுக்கும், வெளிப்பக்கம் தண்ணிக்கு பிடிச்ச தலையா இருக்கறதுனால அப்படியே தண்ணியோட வழுக்கிட்டு போயிடும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச கூத்து ஒண்ணு இருக்கு. ஷாம்பு பாட்டில் பின்னாடி சோடியம் லாரில் சல்ஃபேட், சோடியம் லாரெத் சல்ஃபேட்னு போட்டிருப்பாங்க இல்லையா, அந்த லாரில்ங்கற வால் 12 கார்பன் நீளம், அது எங்கேர்ந்து வருதுன்னா பெரும்பாலும் தேங்காய் எண்ணெயும் பாம் கர்னல் எண்ணெயும் தான். தேங்காய் எண்ணெய்ல கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். ஆக ராத்திரி தலைல தேங்காய் எண்ணெய் வெச்சு, காலைல அதோட பேரப்பிள்ளைய வெச்சே அதை எடுக்கறோம். கெமிக்கல் கெமிக்கல்னு பயப்படறவங்க கிட்ட நான் இதை சொல்றது உண்டு, அவங்க மூஞ்சி போற போக்கு பாக்கணும்.

இப்ப நுரைக்கு வருவோம். வெறும் தண்ணிய பாட்டில்ல போட்டு குலுக்கினாலும் குமிழி வரும், ஆனா உடனே உடைஞ்சிடும், ஏன்னா தண்ணியோட மேல்பரப்பு இழுத்துக்கட்டின ரப்பர் மாதிரி, சுருங்கவே பாக்கும். சர்ஃபாக்டன்ட் அந்த இழுவிசைய பாதிக்கும் கீழ கொண்டு வந்துடும். அதோட குமிழியோட சுவர் இருக்கே, அது நடுவுல தண்ணி, ரெண்டு பக்கமும் சர்ஃபாக்டன்ட் வரிசைன்னு ஒரு சாண்ட்விச். சுவர்ல எங்கயாவது ஒரு இடம் மெலிஞ்சா அங்க சர்ஃபாக்டன்ட் அடர்த்தி குறையும், குறைஞ்ச இடத்துல இழுவிசை கூடும், கூடினதும் பக்கத்துலேர்ந்து தண்ணியையும் ஆளையும் தன் பக்கம் இழுத்து ஓட்டைய அடைச்சுக்கும். கிழியறதுக்கு முன்னாடியே தானா தையல் போட்டுக்கற துணி மாதிரி. அதனால தான் ஷாம்பு நுரை நின்னு நிக்குது.

எண்ணெய் வந்தா இந்த தையல் வேலை கெட்டுடும். ஒண்ணு, சர்ஃபாக்டன்ட் எல்லாம் எண்ணெயைப் பிடிக்க போயிடுது, குமிழி சுவருக்கு ஆள் இல்ல. ரெண்டாவது, எண்ணெய்ச் சொட்டே குமிழி சுவருக்குள்ள பூந்து பரவி அதை உடைச்சு விட்டுடும். சோறு பொங்கி வழியும்போது ஒரு சொட்டு எண்ணெய் விட்டா அடங்குதே, கிட்டத்தட்ட அந்தக் கதை தான். அதனால எண்ணெய்த் தலைல முதல் தடவை நுரை வராதது ஷாம்பு வேலை செய்யலங்கறதுக்கு அடையாளமே கிடையாது, எல்லா ஆளும் வேலைக்கு போயிட்டாங்க, சும்மா உக்காந்திருக்க யாரும் இல்லன்னு அர்த்தம்.

நம்பலன்னா செஞ்சு பாருங்க

அரை லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணு எடுங்க, அதுல ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி அரை டீஸ்பூன் ஷாம்பு விட்டு மூடி போட்டு இருபது தடவை குலுக்குங்க. நுரை எது வரைக்கும் வருதோ அங்க ஒரு ரப்பர் பேண்டு மாட்டுங்க. இப்ப ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் ஊத்தி மறுபடி இருபது தடவை. நுரை நல்லா இறங்கியிருக்கும், தண்ணி மோர் மாதிரி வெள்ளையா மாறியிருக்கும். அந்த வெள்ளை தான் முக்கியம், எண்ணெய் பொடிப்பொடியா உடைஞ்சு தண்ணில மிதக்குது, பால்ல கொழுப்பு மிதக்கற மாதிரி. நுரை போச்சு, ஆனா வேலை நடந்திருக்கு. மறுபடி கொஞ்சம் ஷாம்பு விட்டு குலுக்கினா நுரை திரும்பி வரும். எங்க வீட்ல இதை குட்டிப்பசங்க ரெண்டு பேரு செஞ்சு பாத்துட்டு பாட்டிலை ஃபிரிட்ஜ் மேல வெச்சுட்டு போயிட்டாங்க, எங்கண்ணன் அதை மோருன்னு நினைச்சு எடுத்தது தனிக்கதை.

இன்னொண்ணு எல்லாரும் ஸ்கூல்ல பாத்தது, தட்டுல தண்ணி ஊத்தி மிளகுத்தூள் தூவி நடுவுல விரலால ஷாம்பு தொட்டா மிளகு எல்லாம் ஓரத்துக்கு ஓடும். நடுவுல இழுவிசை குறைஞ்சதும் ஓரத்துல இருக்கற தண்ணி மேல்பரப்பு மிளகை தன் பக்கம் இழுத்துக்குது. ஜெர்மனில அக்னெஸ் போக்கல்ஸ்னு ஒரு அம்மா, யுனிவர்சிட்டி பக்கம் போக வாய்ப்பே இல்லாம வீட்டு வேலை பாத்துக்கிட்டு, பாத்திரம் கழுவற தண்ணில அழுக்கும் எண்ணெயும் மேல்பரப்ப என்ன பண்ணுதுன்னு கிச்சன்லயே ஒரு தகரத் தொட்டி வெச்சு அளந்துட்டு இருந்தாங்க. அதை இங்கிலாந்துல ரேலி பிரபுங்கற இயற்பியல் விஞ்ஞானிக்கு லெட்டரா எழுதி அனுப்ப, அவர் அதை நேச்சர் பத்திரிகைக்கு அனுப்பி 1891-ல அச்சுல வந்துச்சு. மேல்பரப்பு அறிவியலோட ஆரம்பப் புள்ளிகள்ல ஒண்ணு பாத்திரம் தேய்க்கற தொட்டிங்கறது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

சரி, எப்படி குளிக்கணும்

தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடியே சிக்கு எடுத்துடுங்க. முடி தண்ணில ஊறினா ஊதி, உள்ள இருக்கற சில பிணைப்புகள் தளர்ந்து பலம் குறையும், ஈரத்துல சீப்பை போட்டு இழுத்தா தான் அறுந்து வரும். எண்ணெய் வெச்ச தலைன்னா சிக்கு எடுக்க இன்னும் சுலபம், அந்த நேரத்தை விடாதீங்க.

அப்புறம் வெதுவெதுன்னு தண்ணி. நம்ம தோல்லேர்ந்து வர்ற எண்ணெய்ல மெழுகு மாதிரி சமாச்சாரமும் கலந்திருக்கு, ஜில்லுன்னு தண்ணி ஊத்தினா அது கெட்டிப்படும், லேசா சூடா இருந்தா இளகும். கொதிக்க கொதிக்க வேண்டாம். முடி முழுக்க நனையணும், மேலாக்க ஒரு மக்கு ஊத்திட்டு ஷாம்பு போடறது வேஸ்ட், அடர்த்தியான முடின்னா உள்பக்கம் காய்ஞ்சே இருக்கும், விரலை விட்டு பிரிச்சு பிரிச்சு ஊத்துங்க.

ஷாம்புவை நேரா தலைல கொட்டாதீங்க. எங்க அண்ணன் பொண்ணு பண்ணினது அதான், உச்சில ஒரே இடத்துல கொட்டி தேய்ச்சா அந்த இடமே எல்லாத்தையும் தின்னுடும். ஒரு பாக்கெட்டுல இருக்கறது சுமார் 5 மில்லி. அதை அரை டம்ளருக்கும் கம்மியா, ஒரு 50 மில்லி தண்ணில கரைச்சுக்கோங்க. நீர்த்துப் போயிடாதான்னு கேட்டா, கணக்கு போட்டுடலாம். 5 மில்லில சர்ஃபாக்டன்ட் ஒரு 0.6 கிராம் இருக்கும்னு வைங்க, 50 மில்லில கரைச்சா 1.2 சதவீதம். மைசெல் உருவாக லாரில் சல்ஃபேட்டுக்கு கிட்டத்தட்ட 0.24 சதவீதம் போதும், லாரெத்துக்கு அதை விட ரொம்ப கம்மி. அஞ்சு மடங்கு கைல இருக்கு. ஆனா கரைச்சது எல்லா பக்கமும் ஓடும், பின்னங்கழுத்து, காதுக்குப் பின்னாடி, எல்லாம் சேரும். ஒரே ஒரு ஜாக்கிரதை, கரைச்சதை அன்னிக்கே காலி பண்ணிடுங்க, மிச்சத்தை பாட்டில்ல ஊத்தி வெச்சா அதுல இருக்கற பிரிசர்வேட்டிவும் நீர்த்துப் போயிருக்கும், கிருமி வளரும்.

எண்ணெய்க் குளியல் நாள்ல மட்டும் முதல் ரவுண்டுக்கு கொஞ்சம் கெட்டியா கரைச்சுக்கோங்க, தேய்ச்சுட்டே கொஞ்சம் கொஞ்சமா தண்ணி தெளிங்க. கைல வழியறது வெள்ளையா பால் மாதிரி இருக்கும், பாட்டில்ல பாத்தீங்களே அதே தான். நுரைய தேடாதீங்க. ரெண்டு நிமிஷம் தேய்ச்சு, முழுசா அலசி விட்டுட்டு, ரெண்டாவது ரவுண்டு முதல்ல எடுத்ததுல பாதி அளவு போடுங்க, இப்ப பொங்கிக்கிட்டு வரும். வந்துச்சுன்னா எண்ணெய் போச்சு, நிறுத்திடுங்க. ரெண்டாவதுலயும் கொஞ்சம் கூட வரலன்னா மட்டும் மூணாவது. நடுவுல அலசாம மேல மேல ஷாம்பு போட்டுக்கிட்டே போறது தான் பணம் போற வழி, எண்ணெய் நிறைஞ்ச பழைய மைசெல் எல்லாம் அங்கயே தான் இருக்கு, புதுசா வர்றதோட நுரையையும் அதுவே கெடுக்கும்.

தேய்க்கறது மண்டையை, நகம் படாம விரல் நுனியால. முடி நுனி வரைக்கும் கும்மி கசக்க வேண்டாம், மேலேர்ந்து வழியற நுரையே நுனிக்கு போதும், ஏன்னா எண்ணெய் சுரக்கறது மண்டைத் தோல்ல, நுனி முடி ஏற்கனவே ரெண்டு மூணு வருஷம் வெயில் பாத்த கிழடு. முடியோட மேல ஓடு ஓட்டு வீட்டு கூரை மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின செதில், நுனி நோக்கி பாத்து இருக்கும், துணி துவைக்கற மாதிரி கசக்கினா ஒரு முடியோட ஓடு இன்னொண்ணுல மாட்டி தான் சிக்கே விழுது. பொடுகு ஷாம்பு, டாக்டர் எழுதிக்குடுத்ததுன்னா இன்னும் ஒரு வித்தியாசம், அதை அஞ்சு நிமிஷம் மண்டைல விடணும், அதுல இருக்கற மருந்துக்கு பூஞ்சையோட சண்டை போட நேரம் வேணும், உடனே அலசினா மருந்து சாக்கடைக்கு தான் போகும்.

அலசறதை அவசரப்படுத்தாதீங்க. இதுல ஒரு அழகான வேலை இருக்கு. முடி ஷாம்புத் தண்ணில மைனஸ் சார்ஜோட இருக்கும், சுத்தம் பண்ற சர்ஃபாக்டன்டும் மைனஸ் தான், ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளிக்கறதுனால அழுக்கு திரும்ப ஒட்டாம போகுது. ஆனா எண்ணெய் காலி ஆன முடி சொரசொரன்னு இருக்குமே, அதுக்காக பிளஸ் சார்ஜ் உள்ள ஒரு பாலிமர் சேர்த்திருப்பாங்க, லேபிள்ல பாலிகுவாட்டர்னியம்னு வரும், இல்லன்னா குவார்னு ஆரம்பிக்கும், அது வேற யாருமில்ல நம்ம கொத்தவரங்காய் விதைலேர்ந்து வர்ற பிசின். ஷாம்பு கெட்டியா இருக்கற வரைக்கும் அது கரைஞ்சே கிடக்கும், நீங்க தண்ணி ஊத்தி நீர்க்க நீர்க்க பால் திரியற மாதிரி திரிஞ்சு முடி மேல மெல்லிசா படியும். அதாவது பளபளப்பு வர்றது தேய்க்கும்போது இல்ல, அலசும்போது. அதனால கண்டிஷனர் சேர்த்த 2-இன்-1 ஷாம்புவை மட்டும் மக்குல ரொம்ப நீர்க்க கரைக்காதீங்க, அது மக்குலயே திரிஞ்சுட்டா உங்களுக்கு என்ன மிச்சம்.

எப்ப போதும்? முடிய ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு இழுங்க. வழவழன்னு போச்சுன்னா இன்னும் ஷாம்பு இருக்கு. லேசா பிடிப்பு தெரிஞ்சா போதும். கிறீச் கிறீச்னு பாத்திரம் மாதிரி சத்தம் வந்தா அளவுக்கு மேல எண்ணெயை உரிச்சுட்டீங்க. 1934-ல அமெரிக்காவுல ட்ரீன்னு ஒரு ஷாம்பு வந்துச்சு, சோப்பு இல்லாம சிந்தெடிக் சர்ஃபாக்டன்ட்ல வந்த ஆரம்பகால ஷாம்பு, அது சுத்தம் பண்ணின சுத்தத்துல முடி ஜடமா ஆகுதுன்னு அப்பவே புலம்பல் இருந்துச்சு. அதுக்கப்புறம் தான் இந்த கண்டிஷனர் வித்தையெல்லாம்.

உப்புத் தண்ணி விவகாரம்

மேல சொன்னது எல்லாம் சரியா செஞ்சும் முடி சொரசொரன்னு இருக்குன்னா உங்க தண்ணிய சந்தேகப்படுங்க. எங்க வீடு தாம்பரம் தாண்டி, போர் தண்ணி தான், ஹீட்டர் காயில் ஆறு மாசத்துல சுண்ணாம்பு பூசின மாதிரி ஆயிடும், பக்கெட் ஓரத்துல வெள்ளை வளையம். அது கால்சியம், மெக்னீசியம், இது ரெண்டும் தண்ணில எவ்ளோ இருக்குங்கறது தான் கடினத்தன்மை. குடிக்கற தண்ணிக்கே லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரைக்கும் நல்லது, வேற தண்ணி இல்லன்னா 600 வரைக்கும் போகலாம்னு இந்திய தரநிலை சொல்லுது. குளிக்கற தண்ணிய யாரு அளக்கறா.

இதுல சோப்பு போட்டு தலைக்கு குளிச்சா கதை கந்தல். சோப்போட தலை கால்சியத்தோட சேந்து கரையாத ஒரு பிசுக்கா மாறிடும், தண்ணி மேல திட்டு திட்டா மிதக்குமே அது, அதே பிசுக்கு முடியிலயும் படியும். போதாததுக்கு சோப்புத் தண்ணி காரத்தன்மை, பிஎச் 9, 10 போகும், அதுல முடி ஓட்டோட செதில் எல்லாம் தூக்கிக்கும். ஷாம்பு சர்ஃபாக்டன்ட் அப்படி பிசுக்கா மாறாது, அதுவும் லாரெத் வகை உப்புத் தண்ணிய நல்லாவே தாங்கும், நுரை கொஞ்சம் குறையும், அவ்ளோதான். ஷாம்பு பெரும்பாலும் லேசான அமிலம், பிஎச் 5, 6 பக்கம். தலைக்கு சோப்பு வேண்டாம்னு சொல்றதுக்கு வேற காரணமே தேவையில்ல.

இங்க நான் பண்ணின முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். ஆர்ஓ மெஷின்லேர்ந்து வேஸ்ட் தண்ணி போகுதே, பாக்க வயிறு எரிஞ்சு அதை பக்கெட்ல பிடிச்சு தலைக்கு ஊத்திக்க ஆரம்பிச்சேன், ஆர்ஓ தண்ணி தானேன்னு. ரெண்டு மாசம் முடி தேங்காய் நார் மாதிரி ஆச்சு, ஷாம்பு மாத்தினேன், எண்ணெய் மாத்தினேன், ஒண்ணும் ஆகல. அப்புறம் தான் உறைச்சது, நல்ல தண்ணிய குடிக்க எடுத்துக்கிட்டு அதுல இருந்த உப்பையும் சேத்து அந்த மெஷின் வெளிய தள்ளுறது தானே அந்த வேஸ்ட், போர் தண்ணிய விட அது இன்னும் உப்பு! கெமிஸ்ட்ரி படிச்சவ. அந்த தண்ணிய பாத்ரூம் கழுவுங்க, தலைக்கு வேண்டாம்.

செய்யக்கூடியது என்னன்னா, முழுக் குளியலும் போர் தண்ணிலயே குளிச்சுட்டு கடைசி ஒரே ஒரு சொம்பு மட்டும் நல்ல தண்ணி, மழைத்தண்ணி, மெட்ரோ வாட்டர், ஆர்ஓ எதுவோ ஒண்ணு ஊத்திக்கோங்க. முடில உப்புத் தண்ணி காய்ஞ்சு தான் உப்பு படியுது, கடைசியா இருக்கறது நல்ல தண்ணியா இருந்தா படிய ஒண்ணுமில்ல. பிசுக்கு ஏற்கனவே ஏறியிருந்தா ஒரு பெரிய சொம்பு தண்ணில ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்து கண்ணுல படாம ஊத்தி, ஒரு நிமிஷம் விட்டு அலசுங்க, அமிலம் அந்த கால்சியப் பிசுக்கை பிரிச்சு விடும், தினமும் வேண்டாம், மாசம் ஒண்ணு ரெண்டு தடவை. தண்ணிய கொதிக்க வெச்சு ஆற வெச்சா ஒரு பகுதி கால்சியம் அடியில தங்கிடும், ஆனா சல்ஃபேட், குளோரைடா இருக்கற கடினத்தன்மை அதுக்கு அசையாது.

சீயக்காய் கட்சிக்காரங்களுக்கு

எங்கம்மா இதையெல்லாம் கேட்டுட்டு "அதுக்குத் தான் சீயக்காய் போடுன்னேன்"னு ஒரே போடா போட்டாங்க. அவங்க சொல்றதுல அறிவியல் இருக்கு. சீயக்காய், பூந்திக்கொட்டை ரெண்டுலயும் சப்போனின்னு ஒண்ணு இருக்கு, அதுவும் தலைப்பிரட்டை தான், சர்க்கரை மூலக்கூறு தலை, கொழுப்பு மாதிரியான பாகம் உடம்பு. கால்சியத்தோட சோப்பு மாதிரி பிசுக்கு கட்டாது. சீயக்காய் கரைசல் லேசா அமிலமும் கூட, அதனால செதில் படிஞ்சு கிடக்கும். பூந்திக்கொட்டை நல்லா நுரைக்கும், சீயக்காய் அந்த அளவுக்கு இல்ல, கொங்குப் பக்கம் போடற அரப்பு, அதாவது உசில மரத்து இலைப்பொடி, இன்னும் கம்மி. ஆனா அரப்பு தேய்ச்சு குளிச்சவங்களை கேளுங்க, எண்ணெய் போகலன்னு யாராவது சொல்வாங்களா? பொடி தன் பங்குக்கு எண்ணெயை உறிஞ்சி எடுத்துட்டு போகுது, நுரையே இல்லாம. சோத்துக் கஞ்சில கரைச்சு போடறது, வெந்தயம், செம்பருத்தி இலை அரைச்சு சேர்க்கறது எல்லாம் வழவழப்புக்கு, நான் மேல சொன்ன பாலிமர் பண்ற வேலைய கிட்டத்தட்ட அந்த வழவழப்பு பண்ணும். குறைன்னா ரெண்டு தான், பொடிய சரியா அலசலன்னா மண்டைல துகள் நின்னு அரிக்கும், கண்ணுல பட்டா ஜென்மத்துக்கும் மறக்காது.

கடையில நிக்கும்போது

கெட்டியா இருக்கு, நல்ல ஷாம்புன்னு நினைக்காதீங்க. கெட்டித்தன்மை பெரும்பாலும் சாதா உப்பு பண்ற வேலை. உப்பு சேர்த்தா மைசெல் உருண்டையெல்லாம் நீண்டு புழு மாதிரி ஆகி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும், இடியாப்பம் மாதிரி, அதான் கெட்டி. அளவு தாண்டினா மறுபடி நீர்த்துடும், வேணும்னா ரெண்டு ஸ்பூன் ஷாம்புல ஒரு நல்ல சிட்டிகை உப்பு போட்டு கலக்கிப் பாருங்க, நிறைய ஷாம்பு தண்ணியா ஓட ஆரம்பிக்கும். நுரைக்கும் அதே மாதிரி தனி ஆள் உண்டு, கோகமிடோபுரோபைல் பீடைன்னு நாக்கு சுளுக்கற பேரு, நுரைய குட்டிக்குட்டியா க்ரீம் மாதிரி நிக்க வைக்கும், கூடவே மத்த சர்ஃபாக்டன்டோட எரிச்சலையும் குறைக்கும், அதனால அதை குறை சொல்ல மாட்டேன். சல்ஃபேட் இல்லாததுன்னு விக்கறது நுரை கம்மியா தான் வரும், நுரை கம்மின்னு ரெண்டு மடங்கு போட்டா மைல்டு ஷாம்பு வாங்கினதுக்கே அர்த்தம் இல்ல. லேபிள்ல எது அதிகமோ அது முன்னாடி வரும், தண்ணிக்கு அடுத்து என்ன பேரு இருக்குன்னு பாத்தா போதும், பாதாம், தேன், வெங்காயம்னு அட்டைல படம் போட்டது பெரும்பாலும் கடைசி வரிசைல வாசனைக்கு பக்கத்துல தான் உக்காந்திருக்கும்.

பாக்கெட்டைப் பத்தி ஒரு வார்த்தை. ஷாம்புவை பாக்கெட்ல அடைச்சு விக்கறதுக்கு முன்னோடின்னு சொல்றது நம்ம கடலூர் சின்னி கிருஷ்ணனைத்தான், அவர் பையன் ரங்கநாதன் 1983-ல தனியா சிக் ஷாம்பு ஆரம்பிச்சாரு, ஊர் ஊருக்கு பெட்டிக்கடைல பாக்கெட் சரம் தொங்க ஆரம்பிச்சதுல இவங்க பங்கு பெருசு. பணம் மட்டும் இல்ல, அளவும் அதுல அடங்கியிருக்கு. பாட்டில்ல அழுத்தினா எவ்ளோ வருதுன்னு தெரியாது, பாக்கெட் ஒரு அளவுக் கரண்டி. தோள் வரைக்கும் முடின்னா ஒண்ணு, இடுப்பு வரைக்கும்னா ஒண்ணரை ரெண்டு, எண்ணெய்க் குளியலுக்கு முதல் ரவுண்டு ஒண்ணு, ரெண்டாவது ரவுண்டு அரை. கிராப்பு தலைக்கு அரைப் பாக்கெட் தாராளம், ஆனா எங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் இதை கேக்கப் போறதில்ல.

போன வெள்ளிக்கிழமை மறுபடி எண்ணெய். இந்த தடவை எங்க அண்ணன் பொண்ணு ஒரு பிளாஸ்டிக் டம்ளரை உள்ள எடுத்துட்டு போனா, கத்தல் ஒண்ணும் இல்ல, கொஞ்ச நேரம் கழிச்சு "அத்தை, ரெண்டாவதுல வந்துடுச்சு"ன்னு மட்டும் குரல். பாதி பாக்கெட் மிச்சம், வாய மடிச்சு துணி க்ளிப் போட்டு சோப்பு டப்பா மேல நிக்க வெச்சிருக்கா. அதுல ஷவர் தண்ணி தெறிக்காத இடமா பாத்து மாத்தி வெச்சேன், உள்ள தண்ணி போயிடுச்சுன்னா அன்னிக்கே போட்டு முடிச்சிடணும்.